என் கிண்ணத்தில் கலந்தது

மார்கழி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. விடியற்காலைப் பூசையில் பதிகம் ஓதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் பாட்டின் நடுவில் ஒரு சொல்லைக் காணவில்லை. நாற்பது ஆண்டுகளாக ஓதிவரும் பாட்டு. நாக்கு தன்பாட்டில் அச்சொல்லைச் சொல்லிக் கடந்துவிட்டது. கண்தான் தடுக்கி நின்றது. விளக்கைத் தூண்டிவிட்டு மறுபடி பார்த்தேன். அடுத்த வரிக்குப் போனால் அங்கும் நடுச்சொல் இல்லை. பக்கத்தின் மேல் மோர் சிந்தியதுபோல் ஒரு வெண்மை, நான் பார்க்கும் இடத்துக்கெல்லாம் கூடவே நகர்ந்து வந்தது.

என் இடக்கண் பிறவியிலேயே வலுவற்றது. அதற்கு வெளிச்சமும் நிழலும் தெரியும், எழுத்துத் தெரியாது. எழுபத்தொரு வயது வரை நான் படித்ததும், பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்ததும் வலக்கண் ஒன்றை நம்பித்தான். மங்கியது அந்தக் கண். அது போனால் எனக்கு உலகம் போயிற்று.

இப்போது ஓரளவு தேறியிருக்கிறேன். கோடு போட்ட நோட்டில் கட்டைவிரல் அளவு எழுத்தில் இதை எழுதுகிறேன். மண்ணில் மேய்ந்த கோழியே மருந்து என்று நம்பும் வீடுகள் எங்கள் மலையில் பல உண்டு; அவர்கள் அறிந்துகொள்ளட்டும் என்பது ஒரு காரணம். எனக்கு நேர்ந்ததை நேர்ந்தபடி ஓரிடத்தில் சொல்லி வைக்காமல் என்னால் அமைதியாக ஓத முடியவில்லை என்பது மற்றொன்று.

ஏற்காட்டு மலையில் நாகலூருக்கு மேலே, காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் வீடு. நான் மணம் செய்துகொள்ளவில்லை. தங்கை சரசு கணவனை இழந்து என்னோடு வந்து சேர்ந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. முப்பத்தொன்றாம் வயதில் நான் தீட்சை பெற்றேன். அன்று முதல் புலால் தொட்டதில்லை. சரசு உண்பாள். அதில் எனக்கு மனத்தாங்கல் இருந்ததில்லை. ஒரே அடுக்களையில் இரண்டு அடுப்பு, இரண்டு வரிசைப் பாத்திரம். அவள் கரண்டி என் பாத்திரத்தில் ஒருநாளும் விழுந்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். காப்பிச் செடிகளுக்கடியில் அவள் நாற்பது, ஐம்பது நாட்டுக்கோழிகளை மேயவிட்டு வளர்க்கிறாள். முட்டையும் கோழியும் ஏற்காட்டு விடுதிகளுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போகும்.

ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்ட பின்னும் மூட்டு வீக்கம் விடவில்லை, உடம்பு துரும்பாயிற்று. ஏற்காட்டு மருத்துவர், "புரதம் குறைஞ்சு போச்சு, பருப்பும் பாலும் நிறையச் சேர்த்துக்குங்க" என்றார். பருப்பு எனக்குச் செரிக்கவில்லை. அப்போதுதான் சரசு முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி வந்தாள்.

வெளியூரார்க்கு இதைச் சற்று விளக்க வேண்டும். பாறை இடுக்குகளில் வளரும் கிழங்கு அது. மேலெல்லாம் செம்பட்டை மயிர் மூடி, பார்வைக்கு ஆட்டுக்கால் போலவே இருக்கும். தோலைச் சீவி, இடித்து, மிளகு சீரகத்தோடு கொதிக்கவைத்தால் ஆட்டுக்கால் சாற்றின் மணமும் சுவையும் அப்படியே வரும். மூட்டுவலிக்கு நல்லது என்று மலையில் எல்லோரும் குடிப்பார்கள். ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் அதை விற்பவர் என்னைக் கண்டால் சீண்டாமல் விடமாட்டார்: "வாங்க டீச்சரம்மா. சைவக்காரங்களுக்குன்னு ஆண்டவன் பாறையில ஒளிச்சு வெச்ச ஆடுங்க இது. குடிச்சாப் பாவமில்லைங்க, பில்லு மட்டுந்தான்!"

மாலை ஆறு மணிக்குச் சரசு அந்தச் சாற்றை என் வெண்கலக் கிண்ணத்தில் கொண்டுவருவாள். கார்த்திகைத் தொடக்கத்தில் ஒருநாள் சுவை கூடுதலாக இருந்தது. அடியில் கரகரப்பாக ஏதோ படிந்திருந்தது.

"என்ன சரசு, இன்னிக்கு நொம்பக் கெட்டியா இருக்குது?"

"கெழங்கு முத்தலுங்கக்கா. நாலு இடி சேர்த்து இடிச்சேன். குடிங்க, ஆறிப்போயிரும்."

"கறி வாசமே வருதே?"

"அதுதானுங்களே அந்தக் கெழங்கோட கொணம்!" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். குடித்து முடித்து, வாய் கொப்பளித்து, திருநீறு அணிந்து மாலைப் பூசைக்கு அமர்ந்தேன். இப்படி நாற்பது நாள் போல நடந்தது. கண் மங்கியது அதற்குப் பின்.

முதலில் ஏற்காட்டிலேயே காட்டினோம். சூட்டினால் வந்த சிவப்பு என்றார்கள். மூன்று நாளில் வெண்மை பெருகி, கறுப்பு நூல்கள் மிதக்கத் தொடங்கின. மறைந்த என் தம்பியின் மகன் முருகேசன் கிளியூரிலிருந்து வந்து, எங்கள் இருவரையும் பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு இறக்கிக்கொண்டு போனான். கொண்டை ஊசி வளைவுகளில் சரசு என் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கண் மருத்துவமனையின் கூடத்தில் அறுபது பேராவது இருந்திருப்பார்கள். கண்பாவையை விரிக்கும் மருந்தை ஊற்றி, கண்ணை மூடி உட்காரச் சொல்வார்கள். மூடிய கண்களோடு வரிசையாக உட்கார்ந்திருக்கையில் எல்லோரும் தியானத்தில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் ஒவ்வொருவர் உள்ளத்திலும் இருப்பது ஒரே கேள்விதான். பார்வை மீளுமா, மீளாதா?

பெரிய டாக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கண்ணின் பின்சுவரில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. நாம் காண்பதெல்லாம் அதன் மேல்தான் விழுகிறது. அதற்கு விழித்திரை என்று பெயர். அதில் எனக்கு ஒரு புண். கண்ணை நிறைத்திருக்கும் தெளிந்த கூழும் கலங்கிவிட்டது. "உங்க மலையில பனிக்குள்ள பஸ் வந்தா லைட்டு மட்டும் வெள்ளையாத் தெரியுமில்லீங்களா? உள்ள பார்த்தா எனக்கு அப்படித்தாம்மா தெரியுது" என்றார். பிறகு கேள்விகள். சர்க்கரை உண்டா, காசநோய் வந்ததுண்டா?

"பூனை வளர்க்கறீங்களா?"

"வளர்க்கலீங்க. எஸ்டேட் பூனைங்க வந்துபோகும்."

"கோழி, ஆடு ஏதாச்சும் அரைவேக்காடாச் சாப்பிடற பழக்கம்?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நான் தீட்சை வாங்கினவங்க. நாப்பது வருசமா முட்டை கூடத் தொட்டதில்லை. என்ற தங்கச்சி நிக்கறா, கேட்டுப் பாருங்க."

டாக்டர் சரசுவின் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க," என்றாள் சரசு. "அக்கா சுத்த சைவமுங்க."

டாக்டர் தாளில் எதையோ அடித்துவிட்டு வேறொன்றை எழுதினார். பேனா கீறிய ஓசை எனக்குக் கேட்டது.

அன்றே படுக்கையில் சேர்த்தார்கள். மார்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். காசநோயைக் கண்டறியக் கைத்தோலில் ஊசி போட்டு, அது தடிக்கிறதா என்று மூன்று நாள் பார்த்தார்கள். ஏழெட்டுக் குப்பி இரத்தம் எடுத்தார்கள். எதிலும் ஒன்றும் தெளிவாகவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறிக் கண்ணைத் தாக்குகிறதோ என்று கருதி, அதை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கினார்கள். இரண்டு நாள் தெளிந்ததுபோல் இருந்தது. மூன்றாம் நாள் காலை, எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரமே மறைந்துவிட்டது.

அந்த நாட்களில் சரசு எனக்குச் செய்ததை எழுதாமல் விடுவது அறமாகாது. கால்மாட்டில் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். நான் புரண்டால் எழுந்துவிடுவாள். வெந்நீர் வைத்துத் தலை கழுவிச் சிக்கெடுத்தாள். வார்டில் நடப்பதைக் காதில் சொல்லிக்கொண்டே இருப்பாள்: "மூணாவது கட்டில்ல ஒரு தாத்தா, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு சினிமாக்காரராட்டம் சாஞ்சிருக்காருங்க. அவிய சம்சாரம் பழத்தை உரிச்சு ஊட்டுனா மூஞ்சியத் திருப்பிக்கறாரு. ரெண்டு அறை விட்டாத்தான் சரிப்படுவாரு." மருத்துவமனைச் சிற்றுண்டிக் கடையில், "இந்தக் கரண்டி கறிக்கொழம்புல உளுந்துதுங்களா இல்லீங்களா, அதைச் சொல்லுங்க மொதல்ல!" என்று அவள் சண்டை பிடித்தது வார்டு வரை கேட்டது. பிறகு வெயிலில் நடந்துபோய்ச் சைவ உணவகத்திலிருந்து இட்டிலி வாங்கி வந்தாள். பக்கத்துக் கட்டிலாரிடம் நான் சொன்னேன்: "என்ற விரதத்தை என்னைவிட அவதாங்க காப்பாத்தறா."

எட்டாம் நாள் கண்ணின் முன்னறையிலிருந்து நூலினும் மெல்லிய ஊசியால் ஒரு சொட்டு நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மறுநாள் மாலை பெரிய டாக்டர் தாமே வந்து கட்டிலில் அமர்ந்தார்.

"நோய் தெரிஞ்சுபோச்சும்மா. டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு ஒட்டுண்ணி."

ஒட்டுண்ணி என்பது பிறிதோர் உயிரின் உடம்பில் புகுந்து, அதையே உண்டு வாழ்வது. இதன் சொந்த வீடு பூனையின் குடல். பூனை கழித்த மண்ணில் கண்ணுக்குத் தெரியாத வித்தாகக் கிடக்கும். மண்ணைக் கிளறிக் கொத்தும் கோழி அதை விழுங்கும். கோழிக்கு ஒரு வாட்டமும் தெரியாது. அதன் இதயத்திலும் மூளையிலும் தசையிலும் சிறு கூடு கட்டிக்கொண்டு அந்த உயிர் உறங்கும். அந்த இறைச்சியை முழுதும் வேகாமல் உண்டவர் உடம்பில் விழித்துக்கொள்ளும். கழுவாத கீரை, கொதிக்காத நீர், மண் படிந்த கை ஆகியவற்றாலும் வரலாம்.

"உங்களுக்கு எதுனால வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது," என்றார் டாக்டர். "ஆனா ரத்தத்தைப் பார்த்தா சமீபத்துல வந்ததுன்னு தெரியுது. நீங்க அசைவமே இல்லைன்னதால இதைக் கடைசியில வெச்சுட்டோம். ஸ்டீராய்டை மட்டும் தனியாக் கொடுத்ததுல கிருமி கொஞ்சம் முன்னேறிருச்சு. இனி இதுக்கான சல்ஃபா மாத்திரை. கண்ணுக்குள்ளயும் ஊசி போடணும்."

"பார்வை?"

"பார்வையோட மையத்துக்கு மயிரிழை தள்ளி நிக்குது புண்ணு. அங்கேயே நிறுத்தப் பார்ப்போம்."

சரசு சுவரோடு சாய்ந்து நின்றாள். துயரத்தால் வாயடைத்து நிற்கிறாள் என்று எண்ணி, கையை நீட்டி அவள் விரலைப் பற்றி நான்தான் தேற்றினேன்.

மறுநாள் காலை மாத்திரை கொண்டுவந்த நர்ஸ் போகிற போக்கில் சொன்னாள்: "உங்க ஊட்டுல மாசமா ஆராச்சும் இருந்தா, கோழியை நல்லா வேகவெச்சுத் திங்கச் சொல்லுங்கம்மா. வயித்துல இருக்கற கொழந்தைக்குக் கண்ணு, மூளை எல்லாத்தையும் பாதிக்குமுங்க இது."

சரசுவின் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பு தரையில் விழுந்து உருண்டது.

"ஐயோ சாமி! அமுதாளுக்கும் குடுத்துப்போட்டனே!"

அமுதா, முருகேசனின் மனைவி. ஐந்து மாதக் கர்ப்பிணி.

"எதைக் குடுத்தே?" என்றேன்.

அவள் என்னிடம் சொல்லவில்லை. நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அவளிடம் சொன்னாள். இளங்கோழியின் இதயமும் ஈரலும். கம்பியில் குத்தி, மேல்தோல் வெளுக்கும் வரை தணலில் காட்டி எடுத்து, அம்மியில் அரைத்து, சாற்றை இறக்கி வைத்தபின் கலக்குவது. "கொதிச்சாச் சத்து செத்துப்போயிரும்னு எங்க மாமியா சொல்லுவாங்க. அக்கா நாளுக்கு நாள் காஞ்சுட்டே போனாங்க. எனக்குப் பயமாப் போச்சுங்க. வாரத்துக்கு ரெண்டு நாளுதான். போன மாசம் அமுதாளுக்கும் ஒரு தூக்குல ஊத்திக் குடுத்தனுப்பிச்சேன்."

கறியின் வாசம் கறியின் வாசமாகவே இருந்திருக்கிறது. கிழங்கின் பெயரால் அதை மூடி, என் கிண்ணத்தில், என் அடுப்பில். நான் "கறி வாசம் வருதே" என்றபோது அவள் சிரித்த சிரிப்பு என் காதில் திரும்பத் திரும்ப ஒலித்தது.

பெரிய டாக்டர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அமுதாவை அன்றே வரவழைக்கச் சொன்னார். சரசுவோ தன் கோழிகளுக்காக வாதாடினாள்: "என்ற கோழிக்கு ஒரு நோவும் இல்லீங்க. ரத்தக் கழிச்சல் வந்த குஞ்சுகளைக்கூடத் தனியா அடைச்சுத்தான் வெச்சேன்."

"அந்தக் கழிச்சல் வேற ஒட்டுண்ணிம்மா. அது கோழியோட சரி, மனுசங்களுக்கு வராது. இது கோழியில வெளியே தெரியாது. பார்வைக்கு நல்ல கோழிதான். உள்ள சிவப்பே இல்லாம வேகவெச்சா ஒண்ணும் பண்ணாது. அறுத்த கத்தி, பலகை, கை மூணையும் சோப்புப் போட்டுக் கழுவணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். ஒரு கொதி கொதித்திருந்தால் என் விரதம் மட்டும் போயிருக்கும், கண் தப்பியிருக்கும். கொதித்திருந்தால் நான் ஒருபோதும் அறிந்திருக்கவும் மாட்டேன்.

எல்லோரும் போனபின் அவளைக் கேட்டேன். "டாக்டர் மொத நாளே கேட்டாங்களே. அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா என்ற கையால பச்சத்தண்ணி கூடக் குடிக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேனுங்கக்கா."

"கண்ணு போயிருந்தா?"

"நான் உங்களுக்குக் கண்ணா இருந்திருப்பேனுங்க."

அதுவரை பொறுத்திருந்த என் உள்ளம் அந்த வாக்கியத்தில் உடைந்தது. அவள் அதை ஆலோசித்திருக்கிறாள். பத்து நாள் என் கட்டிலின் கீழே படுத்துக்கொண்டு, நான் குருடாகிவிட்டால் என்னை எப்படி நடத்திச் செல்வது என்று எண்ணிப் பார்த்திருக்கிறாள். வாயைத் திறப்பதைவிட அது எளிதென்று தோன்றியிருக்கிறது. பிறவாத குழந்தைக்கு ஆபத்து என்றதும் ஒரு நொடியில் திறந்த வாய், என் கண்ணுக்குத் திறக்கவில்லை. குழந்தைக்காகத் திறந்தது நியாயமே. அந்த நியாயம் எனக்கு ஆறுதல் தரவில்லை.

மூன்று நாள் நான் ஓதவில்லை. மனப்பாடமாக நின்ற பாட்டுகள் தொண்டை வரை வந்து திரும்பின. புலால் உண்ட வாய் என்ற கூச்சம் மட்டும் அதற்குக் காரணமில்லை. அறியாமல் உண்டதை இறைவன் குற்றமாகக் கொள்வான் என்று நான் கருதவில்லை. மாலைதோறும் அந்தச் சாற்றைக் குடித்த வாயோடு நான் பாடியதை அவன் கேட்டுக்கொண்டுதானே இருந்தான்? கிண்ணம் கைக்கு வரும்போது ஒரு காக்கையை அனுப்பித் தட்டிவிட்டிருக்கக் கூடாதா? அடியார்கள் இறைவனோடு உரிமையாகச் சண்டையிட்டுப் பாடியதை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அந்தச் சண்டையின் சூடு அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாலாம் நாள், வாழ்த்துப் பாடலை விட்டுவிட்டு, அவனோடு வழக்காடும் பாடலாகத் தேர்ந்து ஓதினேன். குரல் நடுங்கவில்லை.

அமுதாவின் இரத்தத்தில் தொற்றின் சுவடே இல்லை. மூன்று வாரம் கழித்து மறுபடி பார்த்தபோதும் இல்லை. முதல் முடிவு வந்த அன்று அவள் என் காதோரம் குனிந்தாள்.

"பெரியம்மா, சின்னம்மாகிட்டச் சொல்லிராதீங்க. அந்த வாசமே எனக்கு ஆகலீங்க. ஒரு வாய் கூடக் குடிக்கலை. தூக்கோட நாய்க்கு ஊத்திப்போட்டு, 'அமிர்தமாட்டம் இருந்துச்சு'ன்னு போன்ல சொல்லிட்டேன்."

"நாய் எப்படி இருக்குது?"

"அதுக்கென்னங்க, கல்லாட்டம் இருக்குது!"

மருத்துவமனையில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான். சிரித்து முடித்தபோது, எங்கள் குடும்பத்தில் எவருமே எவரிடமும் உண்மையைச் சொல்வதில்லை போலும் என்று தோன்றியது.

கண்ணுக்குள் இரண்டு முறை ஊசி போட்டார்கள். மரத்துப்போக மருந்திட்டபின் வலி அதிகமில்லை. ஊசி வருவதைக் காண்பதுதான் கொடுமை. வெண்மை மெல்லச் சுருங்கியது. புண் தழும்பாகி மையத்தின் ஓரத்தில் நின்றுவிட்டது. தலையைச் சற்றே இடப்புறம் சாய்த்தால், பெரிய எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கிட்டுகின்றன. அந்த உயிர் தழும்பின் ஓரத்தில் உறங்கிக்கொண்டே இருக்கும், என்றேனும் விழிக்கக்கூடும், சிறு மங்கல் கண்டாலும் ஓடி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீடு திரும்பியதும் என் பாத்திரங்களை என் அறைக்கு மாற்றிவிட்டேன். ஒற்றை மின் அடுப்பில் நானே சோறு வடிக்கிறேன். உப்பு கூடுகிறது, சில நாள் விட்டுப்போகிறது. அதைத்தான் உண்கிறேன். சரசு கோழி கொடுத்த வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் தானே நடந்துபோய், "ஈரலை முழுசா வேகவைங்க, தணல்ல காட்டித் திங்காதீங்க" என்று சொல்லி வந்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "எங்கக்கா கண்ணை நான்தான் கெடுத்தேனுங்க" என்றாளாம். முருகேசன் சொன்னான். என்னிடம் அவள் அதை இன்னும் சொல்லவில்லை.

ஆனால் சொட்டு மருந்து ஒன்று இருக்கிறது, நாளுக்கு நான்கு வேளை. நானே விட்டுப் பார்த்தேன். கன்னத்தில் விழுந்தது, மூக்கில் விழுந்தது. ஒரு சொட்டும் கண்ணில் விழவில்லை. இரண்டு வேளை வீணான பின் கூப்பிட்டேன்.

"சரசு, கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா."

ஓடி வந்தாள். நாற்காலியில் அமர்ந்து தலையைப் பின்னால் சாய்த்தேன். குப்பியின் மேல் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கு அந்தப் பொடி எழுத்துத் தெரியாது.

"இதே குப்பிதானா?"

"சாமி சத்தியமா இதேதானுங்க."

"சாமியை எதுக்கு இழுக்கறே? நீ சொல்லு."

அவள் குப்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "வெள்ளை மூடிங்க. காலையில நர்ஸுக்குப் போட்டோ அனுப்பிக் கேட்டுட்டேன். இதேதானுங்க."

மருந்து உள்ளே இறங்க வேண்டுமானால் இமை மூடக் கூடாது. வலக்கண்ணை அகலத் திறந்து, என்னை ஏமாற்றிய அந்தக் கை நேர் மேலே நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொட்டு விழுந்தது.

"எரியுதுங்களா அக்கா?"

"எரியுது," என்றேன்.

அவளிடம் பொய் சொல்ல எனக்குக் காரணம் ஏதும் இருக்கவில்லை.